பாப்பாவின் எலும்பு வழி மிஷின்: விசில், எண்ணெய், பேட்டரி

ஒரு தாய் எழுதிக் கேட்டிருப்பது சுருக்கமாக இது: 14 மாதப் பெண் குழந்தை. பிறக்கும்போதே இரண்டு காது மடலும் சிறிதாகச் சுருங்கி இருந்தன, துவாரம் இல்லை. பெரா டெஸ்ட் (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் தரும் பதிலை அளப்பது) எடுத்துப் பார்த்து, உள்காது நன்றாக இருக்கிறது என்று சொல்லி, ஒரு மாதத்துக்கு முன் தலைப்பட்டையில் மாட்டும் எலும்பு வழி மிஷின், அதாவது சத்தத்தை மண்டை எலும்பு வழியாக உள்காதுக்கு அனுப்பும் காது கேட்கும் மிஷின், கொடுத்திருக்கிறார்கள். பாப்பா பிடுங்கி எறிகிறாள். அடிக்கடி விசில் அடிக்கிறது. தலைக்கு எண்ணெய் வைக்கலாமா கூடாதா என்று வீட்டில் தினமும் பேச்சு. ஆபரேஷன் எப்போது என்ற கவலை வேறு.

நான் ஆடியோலஜிஸ்ட். இந்த மிஷின்களைப் பொருத்துவதும் சரிபார்ப்பதும் என் அன்றாட வேலை. என்னிடம் 'ரிப்பேர்' என்று வருபவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கோளாறும் இருக்காது. தலையில் சரியாக உட்கார்ந்திருக்காது, அவ்வளவுதான். அதனால் நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி, மிஷின் தோலைத் தொடுகிற அந்த ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தைப் பற்றித்தான் இருக்கும்.

இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு லேசாகக் கேட்கிற அந்த நொறுக்கல் உங்கள் தலைக்குள் இடி மாதிரி இறங்கும். தாடை எலும்பின் அதிர்வு நேராக உள்காதுக்குப் போய்விடுகிறது. துவாரம், செவிப்பறை, சுத்தி, பட்டடை, அங்கவடி என்கிற மூன்று குட்டி எலும்புகள், எதுவும் அதற்கு வேண்டியதில்லை. உங்கள் மகளுக்கு அடைபட்டிருப்பது துவாரம் வழியாகப் போகும் அந்தப் பாதைதான். போய்ச் சேர வேண்டிய இடமான, உள்காதில் சத்தத்தை உணரும் நத்தை எலும்பு நன்றாகவே இருக்கிறது. மிஷினின் மைக் சத்தத்தை வாங்கிக்கொள்கிறது, உள்ளே இருக்கும் அதிர்வி அதை மண்டை எலும்புக்குத் தட்டிக் கொடுக்கிறது. மண்டையின் ஒரு பக்கம் அதிர்ந்தாலே இரண்டு பக்க உள்காதுக்கும் போய்விடும். அதனால்தான் இப்போதைக்கு ஒரே மிஷின் போதும் என்று சொல்லியிருப்பார்கள். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரித்தறிய இரண்டு இருந்தால் நல்லது. அதைக் கொஞ்ச நாள் கழித்துப் பேசலாம்.

துவாரம் இல்லாத காதுகளில் 50, 60 டெசிபல் அளவுக்குச் சத்தம் தடைபட்டுப் போகும். நாம் சாதாரணமாகப் பேசுவதே ஏறக்குறைய 60 டெசிபல்தான். அப்படியென்றால், மிஷின் கழன்று கிடக்கிற நேரத்தில், பக்கத்தில் வந்து உரக்கப் பேசினால் ஒழிய உங்கள் பேச்சு அவளுக்கு அரைகுறை முணுமுணுப்பு. பேச்சு பழகுகிற வயது இது. தூங்குகிற நேரமும் குளிக்கிற நேரமும் போக மீதி நேரம் முழுக்க மிஷின் தலையில் இருக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

சரி, மாட்டும் முறைக்கு வருவோம். மடலுக்குப் பின்னால் விரல் வைத்துத் தடவினால் மேடாக ஓர் எலும்பு தட்டுப்படும். பட்டையில் இருக்கும் பிளாஸ்டிக் வில்லை அதன் மேல் முழுசாகப் படிய வேண்டும். ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தாலும் சத்தம் குறைந்துவிடும், அதிலும் 'ஸ்', 'ஷ்' மாதிரிக் கீச்சு ஒலிகள் முதலில் போகும். வில்லைக்கு அடியில் முடி கற்றையாக மாட்டியிருந்தால் சீப்பின் வாலால் விலக்கிவிடுங்கள். மிஷின் மடலின் மேல் இடிக்கக் கூடாது. உச்சிக்குழி இன்னும் மூடாமல் இருந்தால் அந்த இடத்தின் மேல் வைக்கவே கூடாது. இறுக்கத்துக்கு ஒரு கணக்கு: பட்டைக்கும் தலைக்கும் நடுவே உங்கள் விரல் ஒன்று நுழைய வேண்டும். நுழையவே இல்லை என்றால் இறுக்கம், இரண்டு விரல் தாராளமாகப் போய் வந்தால் தளர்வு. கழற்றியதும் சிவப்பாக ஒரு வட்டம் தெரியும். அரை மணி நேரத்தில் மறைந்துவிட்டால் கவலை இல்லை. மறையாவிட்டாலோ தோல் உரிந்தாலோ பட்டையைச் சற்றுத் தளர்த்தி, வேறு இடத்தில் வையுங்கள். வலப்பக்கம், இடப்பக்கம், ஏன், நெற்றியில் வைத்தாலும் வேலை செய்யும். பார்க்க நெற்றிச்சுட்டி கட்டியது போல இருக்கும், உறவுக்காரர்கள் ஏதாவது சொல்வார்கள். சொல்லட்டும். ஒரே இடத்தில் தினமும் அழுத்தாமல் மாற்றி மாற்றி வைப்பது தோலுக்கு நல்லது.

விசிலுக்குக் காரணம் இந்த மிஷினின் அமைப்பிலேயே இருக்கிறது. மைக்கும் அதிர்வியும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. மிஷினின் உடம்பு எதிலாவது இடித்தால் அதிர்வு சுற்றிக்கொண்டு மைக்குக்கே திரும்பி வரும், அதை மிஷின் மறுபடி பெருக்கும், மறுபடி திரும்பும். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டு போனால் 'கீய்ங்' என்று அலறுமே, அதேதான். ஆகவே விசில் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, இப்போது எது இடிக்கிறது என்று. மடியில் படுத்துப் பால் குடிக்கும்போது உங்கள் கை, தொட்டில் துணி, தொப்பி, தாத்தா தூக்கிக் கொஞ்சும்போது அவர் கன்னம். இடிப்பது எதுவும் இல்லை என்றால் வில்லை தளர்ந்திருக்கிறதா பாருங்கள். பால் கொடுக்கும்போது மிஷினை மேல் பக்கமாக, நெற்றி ஓரத்துக்கு நகர்த்திவிட்டாலே பாதி விசில் நின்றுவிடும். எதிலும் படாமல், சரியாகப் படிந்திருந்தும் விசில் அடிக்கிறது என்றால்தான் மிஷினைச் சந்தேகப்பட வேண்டும். அப்போது சத்தத்தை நீங்களாகக் குறைக்காதீர்கள், பொருத்திய இடத்துக்கே எடுத்துப் போங்கள். விசில் நிற்கிறது என்று சத்தத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் குழந்தைக்கு ஒன்றுமே கேட்காத நிலையில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிடுங்கி எறிவது வெறுப்பினால் என்று நினைக்க வேண்டாம். 14 மாதக் குழந்தை சாக்ஸையும் பிடுங்கி எறியும். மாட்டுகிற முதல் ஒரு நிமிடம் அவள் இரண்டு கைக்கும் வேலை கொடுங்கள். ஒரு கையில் பிஸ்கட், இன்னொரு கையில் கிண்ணம். மாட்டியவுடன் அவளுக்குப் பிடித்த சத்தம் வர வேண்டும்: ஒரு பாட்டு, கிலுகிலுப்பை, அண்ணன் கூப்பிடுவது. மிக்ஸி ஓடுகிற நேரத்திலும் குக்கர் விசில் அடிக்கிற நேரத்திலும் முதன்முதலாக மாட்டாதீர்கள். எறிந்தால் திட்டாமல், சிரிக்காமல், சும்மா எடுத்துத் திரும்ப மாட்டுங்கள். (சிரித்தால் அது விளையாட்டாகிவிடும், நாள் முழுக்க எறிவாள்.) மூன்றாம் முறையும் எறிந்தால் எடுத்து வைத்துவிட்டு அரை மணி கழித்துப் பார்க்கலாம். முதலில் பத்து, இருபது நிமிடம் என்று தொடங்கி, சில வாரங்களில் விழித்திருக்கும் நேரம் முழுக்க வந்துவிட வேண்டும். மிஷினோடு ஒரு கயிறும் கிளிப்பும் தந்திருப்பார்கள். அதைச் சட்டையின் முதுகுப் பக்கத்தில் மாட்டுங்கள், முன்பக்கம் மாட்டினால் கயிற்றைக் கடிப்பாள். ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துப் போகும் பழக்கம் இருந்தால் அந்தக் கிளிப் இல்லாமல் போகவே வேண்டாம். மிஷின் காற்றில் பறந்து ரோட்டில் விழுந்தால் லட்சக்கணக்கில் நஷ்டம்.

தினமும் காலையில் ஒரு சோதனை உண்டு. டேனியல் லிங் என்பவர் வகுத்த ஆறு ஒலிகள்: 'ம்', 'ஊ', 'ஆ', 'ஈ', 'ஷ்', 'ஸ்'. பேச்சில் வரும் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். அவளுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, சாதாரணக் குரலில், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இந்த வயதில் திரும்பிச் சொல்ல மாட்டாள். விளையாட்டை நிறுத்துவது, கண்ணை விரிப்பது, திரும்பிப் பார்ப்பது போதும். நேற்று 'ஸ்' சொன்னதும் திரும்பியவள் இன்று திரும்பவில்லை என்றால், முதலில் வில்லை படிந்திருக்கிறதா பாருங்கள், அடுத்து பேட்டரி, அதற்கு அப்புறம்தான் மிஷின்.

மிஷின் வேலை செய்கிறதா என்று நீங்களே கேட்டுப் பார்க்கவும் வழி இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குச்சி தருவார்கள். மிஷினை அதில் மாட்டி, குச்சியின் முனையை உங்கள் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தி, இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு யாரையாவது பேசச் சொல்லுங்கள். குரல் தலைக்குள் தெளிவாகக் கேட்க வேண்டும். கரகரப்பு, விட்டு விட்டு வருவது, இரைச்சல் எல்லாம் இப்படித்தான் பிடிபடும். பெரும்பாலான வீடுகளில் இந்தக் குச்சி அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. எடுத்து வெளியே வையுங்கள்.

இனி எண்ணெய். உங்கள் மாமியார் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். எண்ணெய் வைக்கலாம், நேரம்தான் முக்கியம். ராத்திரி மிஷினைக் கழற்றிய பிறகு வையுங்கள், காலையில் தலைக்குக் குளிப்பாட்டி, முடி முழுசாக உலர்ந்த பிறகு மிஷினை மாட்டுங்கள். தினமும் தலைக்குக் குளிக்க முடியாத வீட்டில், உச்சியில் மட்டும் தடவி, காதுக்குப் பின்னால் இருக்கும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மாட்டுவதற்கு முன் அந்த இடத்தை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒரு முறை. எண்ணெய் செய்யும் கெடுதல் இரண்டு விதம். வில்லை வழுக்கிக்கொண்டு ஓரிடத்தில் நிற்காது. அப்புறம் பட்டையின் எலாஸ்டிக் ஊறித் தளர்ந்துபோகும். இன்னொன்றும் உண்டு: மிஷினைப் பிடிக்கும் உங்கள் விரலில் எண்ணெய் இருந்தால் அது மைக்கின் ஊசித்துளைக்குள் இறங்கும். அங்கே போனதை வீட்டில் எடுக்க முடியாது. ஊசி, குண்டூசி விட்டுக் குத்திப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். பவுடர், கொசு விரட்டித் தைலம், பண்டிகைக்கு அடிக்கும் சென்ட், எல்லாவற்றையும் மிஷின் மாட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பட்டை இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தலையில், ஒன்று கொடியில். மிஷினைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையால் அலசி, நிழலில் உலர்த்தினால் போதும். வாஷிங் மெஷினில் போட்டு முறுக்க வேண்டாம். மிஷினோடு சேர்த்தே ஊறப்போட்ட கதையும் எனக்குத் தெரியும், அந்த வீட்டு அம்மாவின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வியர்வையும் ஈரக்காற்றும் நம் ஊர் மிஷினுக்கு நிரந்தர எதிரி. ராத்திரி கழற்றியதும் காய்ந்த மெல்லிய துணியால் துடைத்து, பேட்டரியை வெளியே எடுத்து, மூடியைத் திறந்தபடியே மிஷினை மட்டும் உலர்த்தும் டப்பாவில் போடுங்கள். பேட்டரியையும் உள்ளே போட்டால் அதில் இருக்கும் ஈரமும் இழுபட்டு அது சீக்கிரம் செத்துவிடும். டப்பாவில் இருக்கும் சிலிகா மணிகள் நிறம் மாறினால் மாற்ற வேண்டும். அந்த மணிகள் பாப்பா கைக்குப் போகக் கூடாது. ஒரு பாட்டி, போன் நனைந்தால் அரிசியில் போடுவார்களே என்று பேத்தியின் மிஷினை அரிசி டப்பாவில் புதைத்து வைத்திருந்தார். ஈரம் போயிற்றோ இல்லையோ, மைக் துளை முழுக்கத் தவிட்டுப் பொடி. மொட்டைமாடி வெயில், ஹேர் டிரையர், அடுப்புப் பக்கம், இவையும் கூடாது. வீட்டில் நாய் இருந்தால் டப்பாவை உயரத்தில் வையுங்கள். நாய்களுக்கு இந்த மிஷின்களைக் கடிப்பதில் என்னவோ ஒரு பிரியம்.

பேட்டரி பட்டன் மாதிரி இருக்கும், மேலே கலர் ஸ்டிக்கர். கலர்தான் அளவுக்கு அடையாளம்: 312 என்றால் பழுப்பு, 13 என்றால் ஆரஞ்சு, 675 என்றால் நீலம். எந்தக் கம்பெனி பேட்டரியிலும் இதே நிறம்தான், கடையில் கலரைச் சொல்லிக் கேட்டாலே தருவார்கள். இது காற்றை உள்ளே இழுத்து வேலை செய்யும் ஜிங்க் பேட்டரி. ஸ்டிக்கரை உரித்து, ஒரு நிமிடம் வெளியே வைத்திருந்து அப்புறம் போட்டால் முழு சக்தியோடு தொடங்கும். உரித்த பிறகு மறுபடி ஒட்டிச் சேமிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், தொடங்கியது தொடங்கியதுதான். மிஷினையும் சத்தத்தின் அளவையும் பொறுத்து ஒரு வாரமோ, கொஞ்சம் கூடவோ வரும்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாய் சில மணி நேரத்தில் வெந்துபோகலாம். மூக்கில் திணித்துக்கொண்டாலும் அப்படித்தான். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், நாளைக் காலை பார்க்கலாம் என்று இருக்காமல், எக்ஸ்ரே எடுக்க வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். பேட்டரி மூடியில் குழந்தைப் பூட்டு இருக்கும், அது பூட்டியிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். தீர்ந்த பேட்டரியும் ஆபத்துதான். சாமி அலமாரி ஓரத்தில் போட்டு வைக்காமல் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இந்த வயதில் கட்டாயம் வரும்: மொட்டையும் காதுகுத்தும். மொட்டைக்கு ஒரு தடையும் இல்லை. சொல்லப்போனால் முடி இல்லாத தலையில் வில்லை அருமையாகப் படியும். தடவிய சந்தனம் காய்ந்து, கழுவித் துடைத்த பிறகு மாட்டுங்கள். காதுகுத்தைத் தள்ளிப் போடுங்கள். பிற்காலத்தில் பிளாஸ்டிக் சர்ஜன் புது மடல் கட்டும்போது, இப்போது துணுக்காக இருக்கும் அந்தச் சதையையும் சுற்றியுள்ள தோலையும்தான் பயன்படுத்துவார். தழும்பு விழுந்த தோல் அவருக்குச் சிரமம். சர்ஜனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எங்கே குத்துவது, குத்தலாமா என்று முடிவு செய்யுங்கள். தாய்மாமன் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு இப்போது அவசரம் எதுவும் இல்லை. மிஷினை மாட்டுவதற்காகக் காதுக்குப் பின்னால் எலும்பில் டைட்டானியம் திருகு பதிப்பதுதான் அந்த ஆபரேஷன். இது ஸ்வீடனில் தொடங்கியது. டைட்டானியத்தை எலும்பு தன்னோடு இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதைப் பிரோனேமார்க் என்ற ஆய்வாளர் 1950களில் முயல் எலும்பில் கவனித்தார். முதலில் பல் கட்டுவதற்குப் பயன்பட்டது அது. 1977-ல் காதன்பர்க் நகரில் டாக்டர் ஆண்டர்ஸ் ஷெல்ஸ்ட்ரோம் கேட்கும் மிஷினுக்காக முதல் நோயாளிகளுக்குத் திருகு வைத்தார். திருகு 3, 4 மில்லிமீட்டர் நீளம். அது உட்கார எலும்பு தடிமனாக இருக்க வேண்டும், ஒரு வயதுக் குழந்தையின் மண்டை எலும்பு அதற்குப் போதாது. அமெரிக்காவில் 5 வயதுக்கு மேல்தான் அனுமதி. அதுவரை தலைப்பட்டை. தோலுக்கு மேலிருந்து போவதால், திருகோடு ஒப்பிட்டால் கீச்சு ஒலிகளில் கொஞ்சம் இழப்பு உண்டுதான், ஆனால் பேச்சு பழக இது தாராளமாகப் போதும். காதுக்குப் பின்னால் ஸ்டிக்கர் போல ஒட்டி அதில் மிஷினை மாட்டும் வகையும் இருக்கிறது. முடியில்லாத சுத்தமான தோலில் ஒட்டினால் மூன்று முதல் ஏழு நாள்வரை நிற்கும் என்பது கணக்கு. வியர்வையில் நம் ஊரில் அதற்கு முன்பே கிளம்பிவிடுவதைப் பார்க்கிறேன். பிஞ்சு மடல் இருக்கும் பக்கத்தில் ஒட்ட இடமும் வேண்டும்.

பிற்காலத்தில் ஆபரேஷன் பேச்சு வரும்போது ஒன்றை மறக்க வேண்டாம். மடல் கட்டப்போகும் சர்ஜனும் திருகு வைக்கப்போகும் காது டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டும். திருகைத் தவறான இடத்தில் வைத்துவிட்டால் மடலுக்குத் தோல் போதாமல் போகும். தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் திருகு என்றால் தினமும் மெல்லிய பிரஷ்ஷால், சோப்புத் தண்ணீரில், அடிப்பக்கம் சுற்றித் தேய்த்து அழுக்கை எடுப்பது வாழ்நாள் வேலை. அங்கே சிவந்து, நீர் வடிந்து, தொட்டால் வலித்தால் மஞ்சள் வைத்துப் பார்க்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். தோலுக்கு அடியில் காந்தம் வைக்கும் வகைகளில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எம்ஆர்ஐ எடுக்கும்போது எந்த மாடல் என்ற அட்டையைக் காட்டியே ஆக வேண்டும். வெளியே மாட்டும் மிஷின் எந்த வகையாக இருந்தாலும் எம்ஆர்ஐ அறைக்குள் போகக் கூடாது.

ஆன்லைனில் எலும்பு வழி ஹெட்போன் என்று விற்கிறார்களே, அதை வாங்கி மாட்டினால் போதாதா என்று உங்கள் தம்பி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது பாட்டு கேட்க. அதன் மைக் போன் பேசுவதற்குத்தான், சுற்றி நடப்பதை எடுத்துப் பெருக்கித் தருவதற்கு அல்ல. குழந்தையின் அளவுகளுக்கு ஏற்ப அதை அமைக்கவும் முடியாது. வேண்டாம்.

அடுத்த முறை மிஷின் பொருத்திய இடத்துக்குப் போகும்போது பாப்பா தூங்கி எழுந்து, சாப்பிட்டு முடித்த நேரமாகப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தையை வைத்து ஒன்றும் அளக்க முடியாது. இரண்டாவது பட்டையும் சோதனைக் குச்சியும் கேளுங்கள், மிஷின் சர்வீஸுக்குப் போனால் அதுவரை மாற்று மிஷின் தருவார்களா என்றும் கேளுங்கள். வீட்டில் எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தாள் என்பதைப் பெரும்பாலான மிஷின்கள் தாங்களாகவே பதிந்து வைத்திருக்கும், நாங்கள் கம்ப்யூட்டரில் போட்டால் தெரிந்துவிடும். அதனால் கூட்டிச் சொல்ல வேண்டாம். இரண்டு மணி நேரம்தான் என்றால் இரண்டு என்றே சொல்லுங்கள், அதை நான்காக்க என்ன வழி என்று அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம்.